விளக்கு எரிந்த பிறகு: தன்பாலீர்ப்பைக் காட்டும் படத்தைப் பலரோடு பார்த்துப் பேசுவது எப்படி

பதினோரு வருடமாக ஒரு சிறிய திரைப்படக் கழகத்தில், படம் முடிந்த பிறகு நடக்கும் கலந்துரையாடலை நான் நடத்துகிறேன். நாற்பது நாற்காலி, ஒரு திரை, மாதம் இரண்டு படம். போர், முதுமை, விவாகரத்து என்று எதைப் பற்றிய படம் போட்டாலும் பேச்சு தானாக ஓடும். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ காதலிக்கிற படம் என்றால் மட்டும் அறையின் காற்றே மாறிவிடும். சிலர் தேவைக்கு மேல் பாராட்டுவார்கள். சிலர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். பெரும்பாலானவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மாலைகளை எப்படி நடத்துவது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நாலு நண்பர்களோடு வீட்டில் படம் பார்க்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. தனக்கும் இந்த ஈர்ப்பு உண்டு என்பதை யாரிடமும் சொல்லாத ஒருவர் அந்த அறையில் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருக்கலாம் என்றல்ல, இருக்கிறார் என்றே. இதை நான் தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் வருடத்தில் ஒரு படம் முடிந்ததும், நல்ல எண்ணத்தோடுதான், "உங்களில் யாருடைய வாழ்க்கைக்காவது இந்தக் கதை நெருக்கமாக இருந்ததா?" என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த ஒருவர் போன் வந்ததுபோல் எழுந்து வெளியே போனார். அப்புறம் எட்டு மாதம் வரவே இல்லை. திரும்பி வந்து வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னார்: "நீங்கள் கேட்டதும் எல்லோரும் தலையைத் திருப்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை என்மேல் வந்து நின்றுவிடுமோ என்று பயந்துவிட்டேன்." அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்டதே இல்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு படத்தைப் போட்டுவிட்டுப் பார்வையாளர்களின் மனநிலையைப் பேசாதீர்கள். முடிந்தால் ஒரு பழைய படம், ஒரு புதிய படம் என்று இரண்டை அடுத்தடுத்துப் போடுங்கள். வெறுப்போ கூச்சமோ பிறக்கும்போதே கூட வந்தது அல்ல, திரையும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஹாலிவுட்டில் 1930-இல் எழுதப்பட்டு 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த ஹேய்ஸ் விதித்தொகுப்பு, அதாவது படத்துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட தணிக்கை விதிகள், இந்த உறவைக் காட்டவோ குறிப்பால் உணர்த்தவோ கூடாது என்று தடுத்தது. அந்தத் தடை 1961-இல் தளர்ந்தது. விதித்தொகுப்பே 1968-இல் கைவிடப்பட்டது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு நேராகக் காட்ட வழியில்லாததால், இந்த மனிதர்கள் திரைக்குள் வந்ததெல்லாம் வில்லனாக, கோமாளியாக, கடைசி ரீலுக்கு முன் செத்துப்போகிறவராக. அமெரிக்கத் திரைப்பட வரலாற்றாளர் விட்டோ ரஸ்ஸோ 1981-இல் வெளியிட்ட 'தி செல்லுலாய்டு க்ளாசெட்' நூலின் கடைசியில் இப்படித் திரையில் செத்தவர்களின் பட்டியலே உண்டு: யார், எந்தப் படம், எப்படிச் சாவு என்று. அதில் ஒரு பகுதியைப் படம் தொடங்கும் முன் நான் வாசித்துக் காட்டுவேன். பாதி வாசிப்பதற்குள் அறை அடங்கிவிடும். அதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

பழைய படத்துக்கு நான் அடிக்கடி போடுவது 1961-இல் வந்த பிரிட்டிஷ் படம் 'விக்டிம்'. டர்க் போகார்ட் நடித்த வழக்கறிஞர், மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலை எதிர்த்து நிற்கிறார். அன்று இங்கிலாந்தில் ஆண்களுக்கு இடையில் அந்த உறவு குற்றம். சட்டம் தளர்ந்தது 1967-இல்தான். இதோடு 2017-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற, தன் ஈர்ப்பை உள்ளேயே பூட்டிவைத்து வளரும் ஒருவனின் கதையான 'மூன்லைட்' படத்தைப் போட்டால், பார்வையாளர்கள் தாங்களாகவே ஒப்பிட ஆரம்பிப்பார்கள். முதல் படத்தில் சட்டத்துக்குப் பயம், இரண்டாவதில் தன்னையே தொட்டுப் பார்க்கப் பயம் என்று ஒரு பெண் சொன்னார். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

சிரிப்பு

படம் ஓடும்போது சிரிப்பு வரும். வராது என்று நம்பிக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டதும் பின்வரிசையில் ஒரு கிளுகிளுப்பு எழும். உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனாலும் படத்தை நிறுத்தாதீர்கள், திரும்பி முறைக்காதீர்கள். எந்தக் காட்சியில், அறையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கவனித்தவரை இந்தச் சிரிப்பு ஒரே வகை அல்ல. கேலிச் சிரிப்பு தனி. என்ன செய்வதென்று தெரியாமல் வரும் சிரிப்பு தனி. அது பெரும்பாலும் குட்டையாக, தொண்டையைச் செருமுவதுபோல் முடிந்துவிடும். அப்புறம் மூன்றாவது ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்காகச் சிரிப்பது. "எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பார்த்துக்கொள்" என்று அடுத்த நாற்காலிக்குச் சொல்கிற சிரிப்பு அது. இந்த மூன்றாவது வகையில் சிரிக்கிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று யோசித்தால் அவர்மேல் கோபம் தங்காது.

பேச்சு நடக்கும்போது அதை மறைக்காமல் எடுங்கள், ஆனால் ஆளைச் சுட்டாதீர்கள். நான் கேட்பது இதுதான்: "அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வந்தது. படம் நம்மைச் சிரிக்கச் சொன்னதா, நாமாகச் சிரித்தோமா?" சில படங்கள் உண்மையிலேயே சிரிக்கச் சொல்லியிருக்கும். நடையையும் குரலையும் நகைச்சுவைக்காகவே வைத்திருப்பார்கள். அப்போது பழி பார்வையாளருக்குப் போகாமல் இயக்குநருக்குப் போகும், போகட்டும். படம் சிரிக்கச் சொல்லாத இடம் என்றால், அந்தக் கேள்விக்குப் பிறகு வரும் மௌனத்தை நிரப்பாதீர்கள். ஒரு நிமிடமாவது விடுங்கள்.

முதலில் சீட்டு, பிறகு பேச்சு

விளக்கு எரிந்ததும் மைக்கைக் கொடுத்துவிடக் கூடாது. முதலில் பேசுகிறவர் தொனியை வைத்துவிடுவார். அவர் "இதெல்லாம் தேவையா?" என்று ஆரம்பித்தால், மனம் உருகிப்போனவர் வாயை மூடிக்கொள்வார். அவர் "என்ன அற்புதமான படைப்பு!" என்று ஆரம்பித்தால், சங்கடப்பட்டவர் பொய் சொல்வார். இரண்டுமே நஷ்டம்.

அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு சீட்டு, ஒரே நிறப் பேனா. பெயர் எழுத வேண்டாம். இரண்டே வரி: மனதில் நின்ற ஒரு காட்சி, பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்ட ஒரு காட்சி. ஐந்து நிமிடம் போதும். வாங்கிக் கலைத்து நானே வாசிப்பேன். கருத்தைக் கேட்டால் ஆட்கள் ஏற்கெனவே வைத்திருக்கிற கருத்தைத் தருவார்கள். காட்சியைக் கேட்டால் இன்றைக்குப் பார்த்ததைச் சொல்வார்கள். ஒருமுறை ஒரே முத்தக் காட்சி ஒன்பது சீட்டில் 'மனதில் நின்றது' என்றும் ஏழு சீட்டில் 'கண்ணைத் திருப்பிக்கொண்டது' என்றும் வந்தது. இரண்டு சீட்டில் இரண்டு வரியிலும் அதே காட்சி. அந்த இருவருக்காகவே அன்றைய பேச்சு முழுவதையும் அந்தக் காட்சியைச் சுற்றி நடத்தினேன்.

"இதெல்லாம் தேவையா?"

கட்டாயம் வருகிற கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லாதீர்கள், பிரித்துப் பாருங்கள். வார்த்தை ஒன்றுதான், உள்ளே நாலைந்து விஷயம் இருக்கும்.

சிலருக்கு உடல் நெருக்கத்தைத் திரையில் பார்ப்பதே கூச்சம். வயதான உறுப்பினர் ஒருவர் முத்தக் காட்சியை வெட்டியிருக்கலாம் என்றார். போன மாதம் போட்ட படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் முத்தமிட்டபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டேன். அந்த வித்தியாசம் குரலில் கேட்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் கூச்சம்தான். ஆனால் பழகிவிட்டது" என்றார். பழக்கம் என்ற சொல்லை அவரே கொண்டுவந்துவிட்டார். மடக்கியிருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது.

சிலர் குழந்தைகளை நினைத்துக் கேட்கிறார்கள். அவர்களோடு காட்சிவாரியாகப் பேசுங்கள். நெருக்கத்தின் அளவு பிரச்சினையா, யாருக்கும் யாருக்கும் இடையில் என்பது பிரச்சினையா? முதலாவது என்றால் எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வயதுக் கேள்வி. இரண்டாவது என்றால் பேச்சு வேறு பக்கம் போக வேண்டும்.

மத நம்பிக்கையால் மறுப்பவரிடம் மறைநூல் விவாதத்துக்குப் போகாதீர்கள். யாரும் ஜெயித்ததாக நான் பார்த்ததில்லை. "படத்தில் அவனுக்கு நடந்தது நியாயமா?" என்று கேளுங்கள். தன் நம்பிக்கையை ஓர் அங்குலம்கூட விடாமல், அந்தப் பாத்திரத்துக்காகக் கலங்கிய மனிதர்களை அதே நாற்காலிகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சிலர் "வேண்டுமென்றே திணிக்கிறார்கள்" என்பார்கள். இதை உடனே தள்ளிவிடாதீர்கள், சில சமயம் அவர்கள் சொல்வது சரி. இதைச் சோதிக்க ஒரு நல்ல கருவி உண்டு. தன்பாலீர்ப்புள்ளவர்கள் ஊடகங்களில் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று கவனிக்கும் அமெரிக்காவின் கிளாட் அமைப்பு 2013-இல் கொண்டுவந்த விட்டோ ரஸ்ஸோ சோதனை மூன்று கேள்வி கேட்கிறது. அப்படி ஒரு பாத்திரம் தெளிவாக இருக்கிறதா? அந்த ஓர் அடையாளத்தைத் தவிர அவருக்கு வேறு குணம் உண்டா? அவரை எடுத்துவிட்டால் கதை பாதிக்கப்படுமா? மூன்றாவதைத்தான் நான் பலகையில் பெரிதாக எழுதுவேன். வெட்டி எறிந்தால் யாருக்கும் தெரியாத சில விநாடிக் காட்சி என்றால், திணிப்பு என்று சொல்பவருக்கும், இது எங்களுக்குப் போதாது என்று சொல்பவருக்கும் குறை ஒன்றே. அவர்கள் இருவரும் ஒத்துப்போவதைப் பார்ப்பது அருமையான நேரம்.

தன்பாலீர்ப்புள்ள பார்வையாளர்கள் எல்லாப் படத்தையும் கைதட்டி வரவேற்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மிகக் கடுமையான விமர்சனம் அவர்களிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கிறது. ஏன் எப்போதும் சாகிறோம், ஏன் எங்கள் கதையில் சமையலறைச் சண்டையும் வீட்டுக்கடனும் இல்லை, ஏன் எல்லாம் மற்றவர்கள் அழுவதற்காக எடுத்ததுபோல் இருக்கிறது என்று கேட்பார்கள். ஆனால் இதை அவர்கள் தாங்களாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது.

ஊருக்கு ஊர்

"மக்கள் இதை ஏற்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த மக்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். 2019-இல் பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் கேட்டபோது, தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டும் என்று சொன்னவர்கள் சுவீடனில் 94 சதவீதம், நைஜீரியாவில் 7 சதவீதம். பல நாடுகளில் இளையவர்கள் மூத்தவர்களைவிட அதிகம் ஏற்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. நாட்டைச் சொன்னால் மட்டும் போதாது, ஒரே நாட்டுக்குள்ளும் பார்வையாளர்கள் பிளவுபட்டுத்தான் இருக்கிறார்கள். இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1998-இல் இந்தியாவில் திரைக்கு வந்தபோது சில திரையரங்குகள் தாக்கப்பட்டன, படம் மீண்டும் தணிக்கைக்குப் போனது. மறுபடியும் வெட்டில்லாமல் அனுமதி கிடைத்தது. கென்யாவில் அதேபோல் இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் வனுரி கஹியுவின் 'ரஃபிகி' 2018-இல் தடை செய்யப்பட்டது. ஆஸ்கருக்கு அனுப்பத் தகுதி பெறுவதற்காக நீதிமன்றம் தடையை ஏழு நாளுக்குத் தளர்த்தியபோது நைரோபியில் அரங்கு நிறைந்தது. தடை கேட்டவர்களும் மக்கள்தான், டிக்கெட் வாங்கியவர்களும் மக்கள்தான். இதைச் சொன்னால், அறையில் சங்கடப்படுகிறவருக்குத் தன்னை மட்டும் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள் என்ற எண்ணம் குறைகிறது.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஓரினச்சேர்க்கை' என்றால் மொத்த மனிதரும் ஒரு செயலாகச் சுருங்கிவிடுகிறார். நான் 'தன்பாலீர்ப்பு' என்கிறேன். யாராவது பழைய சொல்லைச் சொன்னால் இடைமறித்துத் திருத்துவதில்லை. என் முறை வரும்போது என் சொல்லைப் பயன்படுத்துவேன். இரண்டாம் சுற்றில் பலர் தாங்களாக மாற்றிக்கொள்வார்கள்.

சூடாகும்போது

எனக்கு ஒரே விதி. திரையில் இருப்பவரைப் பற்றி எதையும் பேசலாம், அறையில் இருப்பவரைப் பற்றிப் பேசக் கூடாது. "இவர்கள் எல்லாம் இப்படித்தான்" என்று யாராவது தொடங்கினால், "படத்தில் யார்? பெயர் சொல்லுங்கள்" என்று கேட்பேன். 'இவர்கள்' ஒரு பெயரானதும் பேச்சு பெரும்பாலும் தரைக்கு வந்துவிடும். வசைச்சொல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன். நடத்துனர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று சிலர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்பதில் நான் நடுநிலைதான். ஒருவர் வாழலாமா என்பதை நாற்பது நாற்காலியின் ஓட்டுக்கு விடமாட்டேன்.

சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள். பிறகு உடனே கிளம்பாமல் நாற்காலிகளை மெதுவாக அடுக்குங்கள், இருபது நிமிடமாவது. அறையில் பேசாதவர் அப்போதுதான் ஒரு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வருவார். அவர் படத்தைப் பற்றி மட்டும் பேசினால் நீங்களும் படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

சீட்டுகளை அங்கே இருக்கும் குப்பைக்கூடையில் போடாதீர்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். ஒருமுறை ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "அவன் அம்மா வீட்டுக் கதவைத் தட்டியபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறக்க மாட்டார்களோ என்று." அதை நான் வாசிக்கவில்லை. அன்றைய சீட்டுகள் அனைத்தையும் வீட்டுக்கு எடுத்து வந்து, சிறு சிறு துண்டாகக் கிழித்துப் போட்டேன்.