வாயை மோந்து பார்த்தால் தெரியாத போதை

பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் ஏதாவது சாக்கு வைத்து வாயை மோந்து பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் அது போதும். மாத்திரைக்கு வாசனை கிடையாதே! தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகப் போலீஸார் அடிக்கடி பறிமுதல் செய்வது டேபென்டடால் என்ற வலி மாத்திரையையும் நைட்ரஸெபாம், அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகளையும்தான். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களும் இருக்கிறார்கள். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவனை ஒருமுறை கவனியுங்கள்.

"மெடிக்கலில் விற்பதுதானே, கஞ்சா இல்லையே" என்பது அடுத்த தவறு. அல்பிரஸோலமும் நைட்ரஸெபாமும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருபவை. டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரை 2018-இல் சேர்ந்தது. பாட்டியின் தூக்க மாத்திரை அட்டை டிவி மேல் கிடந்தால், அதை எடுத்து உள்ளே வையுங்கள்.

விஷயம் தெரிந்த பிறகு செய்யும் தவறுதான் உயிருக்கே ஆபத்து. "ஒரு வாரம் ரூமில் போட்டுப் பூட்டினால் சரியாகிவிடும்" என்பார்கள். நாள்பட விழுங்கிய தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டேபென்டடால் போன்ற வலி மாத்திரையை நிறுத்தினால் உடம்பு வலி, வாந்தி, பேதி, மூக்கொழுகல் எல்லாம் வரும். பார்க்க வைரஸ் காய்ச்சல் மாதிரியே இருக்கும். அதைத் தாண்டிச் சில வாரம் சும்மா இருந்தவன் மறுபடி பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். இடைவெளியில் உடம்பின் தாங்குதிறன் குறைந்துபோயிருக்கும். மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

அப்புறம், "சேர்க்கை சரியில்லை" என்ற பழைய தீர்ப்பு. முதல் மாத்திரையைக் கூட்டாளி கொடுத்திருக்கலாம். பத்தாவதை ஏன் இவனே தேடிப் போனான்? தூக்கமின்மை, அரியர், நைட் ஷிஃப்ட், யாரும் கண்டுகொள்ளாத மனச்சோர்வு என்று அங்கே வேறு ஏதாவது இருக்கும். செல்போனைப் பிடுங்கினால் அது போகாது.

போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களும் நிறைய. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதாகவோ சிறிதளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையான ஒருவர், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14446 போதை மீட்பு உதவி எண்ணையோ 14416 மனநல உதவி எண்ணையோ அழைக்கலாம்.

போகும்போது காலி அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.