டகோட்டா இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்: கையால் சுற்றும் முறை

டகோட்டா (DC-3) விமானத்தில் இருப்பது பிராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப் இன்ஜின். வரிசைக்கு ஏழு என இரண்டு வரிசை, மொத்தம் 14 சிலிண்டர். கொள்ளளவு 30 லிட்டர், சக்தி 1,200 குதிரைத்திறன். சிலிண்டர்கள் வட்டமாக நிற்பதால் அடியில் இருப்பவை தலைகீழாகத் தொங்கும். வம்பு அங்கேதான்.

விமானம் ராத்திரி முழுக்க நின்றால் ஆயில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசிந்து அந்தக் கீழ்ச் சிலிண்டர்களில் சேரும். காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு அப்போதே உடையாது, பறக்கும்போது உடையலாம். இந்த வேலையில் அவசரப்படுகிறவரை நான் இன்ஜின் பக்கம் விடுவதில்லை.

முதலில் சக்கரத்துக்குக் கட்டை, மேக்னெட்டோ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கருவி) சுவிட்ச் ஆஃப், எரிபொருளை நிறுத்த மிக்ஸ்சர் கட்-ஆஃப். சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். அது எர்த் வயர் வழியாகத்தான் மேக்னெட்டோவை அடக்கும்; அந்த வயர் அறுந்திருந்தால் மேக்னெட்டோ வேலை செய்துகொண்டுதான் இருக்கும், கையால் சுற்றும்போதே இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். இழுத்த கையோடு விலகிவிடும்படி நில்லுங்கள்.

அப்புறம் புரொப்பெல்லரை அது ஓடும் திசையிலேயே, ஒவ்வொரு பிளேடாக, மெதுவாக இழுங்கள். புரொப்பெல்லர் ஒன்றேகால் சுற்று வருவதற்குள் எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை அமுக்கத்துக்கு வந்துவிடும். ஆனாலும் நான் 12 பிளேடு எண்ணாமல் விடமாட்டேன்.

நடுவில் சுவரில் முட்டியது போல நின்றால் உள்ளே ஆயில் தடுக்கிறது என்று அர்த்தம், கையை எடுத்துவிடுங்கள். இன்னொரு ஆளைக் கூப்பிட்டுத் தள்ளக் கூடாது, நீளமான பிளேடின் நெம்பு விசையே ராடை வளைக்கப் போதும். பின்பக்கமாகவும் சுற்றக் கூடாது. அதைத்தான் பலர் செய்கிறார்கள். அப்போது சிலிண்டரில் உள்ள ஆயில் இன்டேக் குழாய்க்குள் (காற்று உள்ளே வரும் குழாய்) போய் உட்காரும், கைக்கு லேசாகச் சுற்றும், ஸ்டார்ட் ஆனதும் அதே ஆயில் திரும்ப உள்ளே இழுக்கப்படும். சரியான வழி ஒன்றுதான்: கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, மறுபடி முதலிலிருந்து சுற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் புகை வரும், அது மீந்த ஆயில், பயப்பட வேண்டாம். கண் ஆயில் பிரஷர் மீட்டரில் இருக்கட்டும். 30 விநாடிக்குள் முள் ஏறாவிட்டால் இன்ஜினை நிறுத்துங்கள். ஏறிவிட்டால் 1,000 ஆர்பிஎம்மில் ஆயில் 40 டிகிரி செல்சியஸ் வரும்வரை சூடேற விடுங்கள்.