பறக்கும் ரயிலில் போய்க் கடலோரம் நடக்க

சென்னையில் கடலோரம் நடக்கப் போகிறவர்களில் பலர் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிடுவதால், நடந்த தூரம் முழுவதையும் அதே வழியில் திரும்பவும் நடக்க வேண்டியவர்களாகிறார்கள். ரயிலிலும் பேருந்திலும் வருகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓரிடத்தில் இறங்கி, தண்ணீரை ஒட்டி நடந்து, வேறோரிடத்தில் ஏறிவிடலாம். ஆகவே வழியைத் தீர்மானிக்கும்போது எங்கே நடப்பது என்று யோசிப்பதற்கு முன்பே எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. கீழே சொல்லியிருக்கும் வழிகள் எல்லாம் சமதரை. ஏற்றம் என்று சொல்ல இருப்பது தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் நிலையப் படிக்கட்டுகள் மட்டுமே. முழங்கால் வலி உள்ளவர்கள் அதற்காகச் சற்று முன்னதாகவே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும்.

முதல் வழி சேப்பாக்கத்தில் தொடங்கிக் கலங்கரை விளக்கம் நிலையத்தில் முடிகிறது. 1995-இல் முதலில் திறக்கப்பட்ட பறக்கும் ரயில் பாதை, கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரைதான் ஓடியது; பிறகு படிப்படியாக நீண்டு 2007-இல் வேளச்சேரியை எட்டியது. வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும் சேப்பாக்கத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் கிழக்கு நோக்கி நடந்தால், கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் காமராஜர் சாலையும் அதற்கு அப்பால் உழைப்பாளர் சிலையும் வந்துவிடும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட இந்தச் சிலையின் நான்கு பேரும் பாறையை நெம்பும் விதத்தைச் சாலையிலிருந்து பார்ப்பதைவிட, சுற்றி வந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். உடல்களின் இழுவிசை அப்போதுதான் தெரியும்.

இங்கிருந்து கடலை இடக்கைப் பக்கம் வைத்துத் தெற்கே நடக்க வேண்டும். கலங்கரை விளக்கம் வரை இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். இரு முனைகளிலும் நிலையத்துக்கான நடையையும் சேர்த்தால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் இந்த உலாச்சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவிய சிலைகள் வழிநெடுகத் துணைக்கு வரும். சாலையின் எதிர்ப்புறத்தில் மாநிலக் கல்லூரியும், பாரதி சாலை வந்து சேரும் இடத்துக்கு எதிரே கடற்கரைப் பக்கம் கண்ணகி சிலையும், அதற்கும் தெற்கே, மீண்டும் சாலையின் எதிர்ப்புறத்தில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸும் இருக்கின்றன. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் பின்னாளில் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மெரினா நடைபாதையில் நடப்பவருக்கு அலை காதில் விழுமே தவிர, கண்ணில் சரியாகப் படாது. துறைமுகத்துக்காக 1875-க்குப் பின் கடலுக்குள் எழுப்பிய சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்து நிறுத்தியதால், துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப் போயிற்று. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கரை அரிக்கப்பட்டது. நாம் பெருமைப்படும் அகலமான மணல்வெளி அப்படி வந்ததுதான். எனவே தண்ணீரைத் தொட விரும்புகிறவர்கள் நடைபாதையை விட்டு மணலில் இறங்கி நடக்க வேண்டும். அது கால்களுக்கு இருமடங்கு வேலை. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-இல் அமைத்த மரப்பாதை அலை அருகே வரை போகிறது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்து, பின்னர் சரிசெய்யப்பட்டது. வயதானவர்களும் அதையே பயன்படுத்தலாம். எந்த வழியில் போனாலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. மெரினாவில் அடிநீரோட்டம் வலுவானது. குளிப்பதற்குத் தடையும் உண்டு.

1977 முதல் இயங்கும் கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி இருப்பதால், மேலே போய் நடந்து வந்த வழியை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். திங்கட்கிழமைகளில் அனுமதி இல்லை. இன்னும் தெம்பு இருந்தால் தெற்கே நொச்சிக்குப்பம் மீன் அங்காடி வரை போய் வரலாம். வீடு திரும்பும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது: கலங்கரை விளக்கம் என்ற பெயருள்ள ரயில் நிலையம் விளக்கத்தின் அடியில் இல்லை. காந்தி சிலைப் பக்கம் திரும்பி வந்து, ராதாகிருஷ்ணன் சாலையில் மேற்கே பத்து நிமிடங்களுக்கு மேல் நடந்து, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கும் நிலையத்துக்குப் போக வேண்டும். மெட்ரோ பணிக்கான தடுப்புகள் நிற்கும் காலம் வரை இந்த முனையில் சாலையைக் கடப்பதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஏறும் நிலையமும் இறங்கும் நிலையமும் வேறு வேறாக இருப்பதால், போக ஒன்று, திரும்ப ஒன்று எனத் தனித்தனி டிக்கெட் எடுப்பதே குழப்பமில்லாதது.

தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் மெரினாவைச் சொல்வதில்லை, பெசன்ட் நகரைச் சொல்வேன். இங்கே மணல் குறுகலாதலால் சாலையிலிருந்தே அலை தெரியும். ரயில் நிலையம் அருகில் இல்லாத குறையைப் பேருந்து தீர்த்துவிடுகிறது: பெரம்பூரிலிருந்து வரும் 29சி-யில் ஏறி, கடைசி நிறுத்தமான பெசன்ட் நகரில் இறங்கினால் கடற்கரை சில நிமிட நடைதான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் செலவும் இல்லை. நடையைக் கார்ல் ஷ்மிட் நினைவு வளைவில் தொடங்கலாம். 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிய டென்மார்க் மாலுமிக்காக எழுப்பியது அது. இந்தக் கடலைப் பற்றி வேறு எச்சரிக்கைப் பலகை தேவையில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அங்கிருந்து தெற்கே, வேளாங்கண்ணி மாதா கோயிலைக் கடந்து அஷ்டலட்சுமி கோயில் வரை ஒரு கிலோமீட்டர் அளவே வரும். சிறு குழந்தைகளோடு வந்தவர்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டு பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிடலாம்.

தொடர விரும்புகிறவர்கள் மணலில் தெற்கே நடந்தால் மீனவக் குப்பத்தின் படகுகளையும் உலரும் வலைகளையும் தாண்டித் திருவான்மியூர்க் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். அது மீனவர்களின் தொழிலிடம் என்பதால் வலையை மிதிக்காமல், படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்காமல் போவது மரியாதை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரையும் இதுவே. இருட்டிய பின் கைபேசி விளக்கை மணலில் அடிக்காதீர்கள். திருவான்மியூர்க் கடற்கரையிலிருந்து மேற்கே நடந்து மருந்தீசுவரர் கோயிலை அடைந்தால் பேருந்து நிலையம் அருகிலேயே இருக்கிறது. பறக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் அங்கிருந்து திருவான்மியூர் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவோ பேருந்தோ பிடிப்பது நல்லது, ஏனெனில் அந்தத் தூரத்தில் பார்க்க எதுவும் இல்லை.

இரண்டு வழிகளுக்கும் விடியற்காலையே ஏற்றது. ஏப்ரல் முதல் ஜூன் வரை எட்டு மணிக்குமேல் கடற்கரையில் நிழல் கிடைக்காது. மாலையில் போவதானால் கட்டடங்களின் நிழல் சாலையில் விழத் தொடங்கி, கடற்காற்றும் நிலைத்துவிட்ட ஐந்து மணிக்குப் பின் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்களின் எண்ணிக்கை குறைவதால் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாள், காணும் பொங்கல், குடியரசு தின அணிவகுப்பும் அதன் ஒத்திகையும் நடக்கும் ஜனவரிக் காலைகள் ஆகியவற்றை மெரினாவுக்குத் தவிர்த்துவிடுவது நல்லது. முதல் இரண்டிலும் கூட்டம் தாங்காது, மூன்றாவதில் பேருந்துகளே திருப்பிவிடப்படும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அறிக்கையைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

கடல் வேண்டாம், மரநிழலும் கொஞ்சம் தண்ணீரும் போதும் என்பவர்களுக்குச் சேத்துப்பட்டு ஏரி இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் சேத்துப்பட்டில் இறங்கினால், 2016-இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட இந்த ஏரி நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. சுற்றுப்பாதையில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் நடந்துவிட்டு, தொடங்கிய வாசலிலேயே வெளியே வரலாம் என்பதால், இந்த ஒரு வழிக்கு மட்டும் போய்வரும் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளலாம்.