ஓடி எடை குறைப்பவர் கடை சாண்ட்விச் சாப்பிடலாமா? பிரித்து எடை போட்டுப் பார்க்கும் முறை

காரைக்குடியில் எடை குறைய வேண்டும் என்பதற்காகவே விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஓடத் தொடங்கிய எங்கள் நாலைந்து பேரிடையே திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி, மாலையில் கடையில் விற்கும் சாண்ட்விச்சைச் சாப்பிடலாமா கூடாதா என்பதுதான். புரோட்டாவும் பிரைடு ரைஸும் ஆகாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சாண்ட்விச்சில் மட்டும் வெள்ளரிக்காயும் தக்காளியும் கண்ணுக்குத் தெரிவதால், அது ஏதோ பத்தியச் சாப்பாடு போலத் தோன்றிவிடுகிறது. நான் கண்டவரை, சாண்ட்விச் தாராளமாகச் சாப்பிடக்கூடியதுதான். ஆனால் கடைக்காரர் கொடுக்கிறபடியே சாப்பிட்டால் காலை ஓட்டம் முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும். இதை என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை. ஒரு சமையல் தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

படி 1: ஓட்டத்தின் கணக்கைப் போடுங்கள்

ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. நான் ஓடத் தொடங்கியபோது 78 கிலோ இருந்தேன்; ஆகவே 5 கிலோமீட்டர் ஓடினால் 78 × 5 = 390 கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இந்தத் தொகை பெரிதாக மாறுவதில்லை. உங்கள் எடையை வைத்து இதே பெருக்கலைச் செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குக் கீழே இன்னோர் எண்ணையும் எழுதுங்கள்: உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் எனக்கு 1,560 கலோரி, அதாவது சாப்பாட்டில் எதையும் மாற்றாமல் இருந்தால் வாரத்துக்கு 200 கிராம். அவ்வளவுதான். அந்த 200 கிராமைக் காப்பாற்றுவதற்குத்தான் மீதிப் படிகள் எல்லாம்.

படி 2: ஒரு சாண்ட்விச்சைப் பிரித்து எடை போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைச் செய்வதில் பயன் இல்லை. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், வழக்கமாகக் கேட்பதையே கேட்டு, பார்சலாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடையில் நிற்கும்போது மாஸ்டர் கல்லில் எவ்வளவு வெண்ணெய் போடுகிறார் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் ரொட்டி உறிஞ்சிவிட்ட வெண்ணெயைப் பிறகு தராசில் பிரித்துக் காண முடியாது.

நான் வாங்கிவந்தது சீஸ் போட்ட சிக்கன் சாண்ட்விச். தட்டில் வைத்துப் பிரித்து, தேக்கரண்டியால் இரு பக்கத்தையும் வழித்து ஒரு கிண்ணத்தில் சேர்த்தேன். எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அப்பத்தா கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இம்புட்டு வெண்ணெயையா உள்ள வச்சுத் தாரான்?" என்று கேட்டார். அது வெண்ணெய் இல்லை, மயோனைஸ் என்றேன். தராசு 30 கிராம் காட்டியது.

மயோனைஸின் பெரும்பகுதி எண்ணெய்தான். 30 கிராமில் சுமார் 200 கலோரி இருக்கிறது. இரண்டு பெரிய ரொட்டித் துண்டுகளும் சேர்ந்து 80 கிராம் இருந்தன, அவை சுமார் 210 கலோரி. ஒரு சீஸ் துண்டுக்கு 60, ஐம்பது கிராம் கோழிக்கறிக்கு 80, வெள்ளரி, தக்காளி, வெங்காயத்துக்கு எல்லாம் சேர்த்து 20. மாஸ்டர் கல்லில் போட்டது ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் என்று கண் மதிப்பாகக் கொண்டால் இன்னும் 100. மொத்தம் 670 கலோரி. காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடிச் செலவழித்ததோ 390.

இந்த 670-இல் வெண்ணெயும் மயோனைஸும் மட்டுமே 300. அவை இரண்டையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது 370 கலோரி. நான்கு இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் சாப்பிட்டால் வருவதும் கிட்டத்தட்ட இவ்வளவே. குறை சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. வயிற்றை நிரப்பும் ரொட்டியும் தசைக்குப் புரதம் தரும் கறியும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. பசியை ஆற்றாத இரண்டு பொருள்கள்தான் ஏறத்தாழப் பாதிக் கணக்கை எடுத்துக்கொள்கின்றன.

படி 3: பெரிய கடைகளில் பட்டியலைப் படியுங்கள்

மதுரைக்கோ திருச்சிக்கோ போகும்போது நுழைகிற சங்கிலிக் கடைகளில் தராசு தேவைப்படாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், ஒரு பரிமாறலில் எத்தனை கலோரி என்பதை உணவுப் பட்டியலிலேயே காட்ட வேண்டும் என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்கும்போது, அது சாஸும் சீஸும் சேர்ந்த கணக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆறு அங்குல நீளச் சாண்ட்விச்சுக்குப் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு அங்குலத்தைச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு முறை அப்படிச் செய்தவன்தான்.

ரொட்டியிலும் ஒரு கண் வேண்டும். அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2020-இல், சாண்ட்விச் விற்கும் சங்கிலிக் கடையான சப்வே நிறுவனத்தின் ரொட்டியில் மாவின் எடையில் பத்து சதவீத அளவுக்குச் சர்க்கரை இருப்பதால், வரிச்சலுகைக்கு உரிய அடிப்படை உணவான ரொட்டியாக அதைக் கருத முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவு இரண்டு சதவீதமே. நம்மூர் பேக்கரியில் வாங்கும் பழுப்பு நிற ரொட்டியிலும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். உறையில் சேர்மானங்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் மைதா இருந்து, பின்னால் கேரமல் நிறமி இருந்தால், அது சாயம் பூசிக்கொண்ட வெள்ளை ரொட்டி.

படி 4: கடையில் இப்படிக் கேளுங்கள்

"அண்ணே, மயோனைஸ் வேணாம், வெண்ணெய் போடாமச் சும்மா சூடு பண்ணிக் குடுங்க, புதினாச் சட்னிய மட்டும் கொஞ்சம் கூடத் தடவுங்க." இந்த ஒரு வாக்கியம் போதும். முதல் நாள் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மயோனைஸ் இல்லாட்டி என்ன ருசி இருக்கும் தம்பி?" என்றார். புதினாவும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் சேர்ந்த சட்னி காய்ந்த ரொட்டிக்கு ஈரமும் காரமும் தந்துவிடுவதால், எனக்கு ருசியில் ஒரு குறையும் தெரியவில்லை. கூடவே உருளைக்கிழங்கு வறுவலையும் குளிர்பானத்தையும் மறுத்துவிடுங்கள். 300 மில்லி கோலாவில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

முட்டையில்லா மயோனைஸ் என்றால் பரவாயில்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தது கிருமித் தொற்றுக்கு அஞ்சித்தான். கலோரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. முட்டையை எடுத்துவிட்டாலும் அதில் எண்ணெய் அப்படியேதான் இருக்கும்.

படி 5: நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள்

ஓடுவதற்கு முன் சாப்பிடுவதானால் இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகவே நகரும் என்பதால், சீஸ் சாண்ட்விச் சாப்பிட்ட சூட்டோடு ஓடினால் நெஞ்செரிச்சல் வரும். ஓடி முடித்த பிறகு சாப்பிடுவதே உசிதம்.

படி 6: வீட்டிலேயே ஒன்று செய்து பழகுங்கள்

ஒரு கப் தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கீழே பாத்திரம் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் வடியவிடுங்கள். காலையில் துணிக்குள் கெட்டியாக நிற்கும் தயிரில் உப்பும், அப்போது இடித்த மிளகும், சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குழைத்தால் ரொட்டியில் தடவும் பதத்துக்கு வந்துவிடும். மயோனைஸ் தடவும் அளவுக்கே இதைத் தடவினாலும் கலோரி அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. உள்ளே இரண்டு அவித்த முட்டையையோ, எண்ணெய் வடித்த கோழி மிளகு வறுவலையோ வைத்து, வெறும் தோசைக்கல்லில் இரு பக்கமும் சுட்டு எடுங்கள்.

இதைச் சொன்னதும், ஆங்கிலப் பலகாரம் எதற்கு, நம் செட்டிநாட்டுப் பலகாரமே இருக்கிறதே என்று கேட்பவர்கள் எங்கள் வளவுக்குள்ளேயே உண்டு. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சீயமும் எண்ணெயில் பொரித்து எடுப்பவை என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஊர்ப்பற்றைத் தராசில் ஏற்ற முடியாது. இடியாப்பமும் இட்லியும் வேறு கதை. ஆவியில் வெந்தவை என்பதால் அவற்றை மறுப்பேச்சின்றி ஏற்கலாம்.

படி 7: எடை பார்ப்பதில் ஏமாறாதீர்கள்

கடை சாண்ட்விச்சில் ரொட்டி, சீஸ், சாஸ், பதப்படுத்திய இறைச்சி என ஒவ்வொன்றிலும் உப்பு உண்டு. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரிய சாண்ட்விச் ஒன்றே அதில் பாதியைத் தந்துவிடக்கூடும். அதிக உப்பு உடலில் தண்ணீரைத் தேக்குவதால், மறுநாள் எடை முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடியதுபோலக் காட்டலாம். அது கொழுப்பு இல்லை, தண்ணீர். சித்திரை வெயிலில் சட்டை நனைய நெடுந்தூரம் ஓடியவருக்கு வியர்வையில் உப்பு போயிருக்கும் என்பதால், அன்றைக்கு இதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த வாரம் சாப்பிட்ட சாண்ட்விச் எத்தனை, மயோனைஸோடா இல்லாமலா என்றும் குறித்துவையுங்கள். எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய இரவு கடையில் சாப்பிட்டுவிட்டால், அந்த வாரம் இரண்டு நாள் தள்ளி எடை பாருங்கள்.