பாக்கி வரவில்லையா? வணிக நீதிமன்றத்துக்குப் போவது எப்படி

சரக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிவிட்டது, போன் செய்தால் "அடுத்த வாரம் போட்டுடறேன்" என்ற பதில்தான் வருகிறது. இந்த நிலையில் இருக்கும் சிறு தொழில்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வணிக நீதிமன்றங்களுக்கான சட்டம் 2015-ல் வந்தபோது ஒரு கோடிக்குக் கீழே உள்ள வழக்குகளுக்கு அதில் இடமில்லை. 2018-ல் அதை 3 லட்சமாகக் குறைத்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். வழக்குப் போடும் நாள் வரைக்குமான வட்டியும் அந்த 3 லட்சத்தில் சேரும், அதனால் அசல் 2,80,000 என்றாலும் உடனே கைவிட வேண்டாம். ஆனால் வியாபாரத்தோடு சம்பந்தமில்லாத கைமாற்றுக் கடன் இதில் வராது.

அப்புறம் காகிதம். இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வழக்கு மனுவோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும், விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், தகுந்த காரணமும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் முப்பது சலான் இருந்தது, அதில் பதினொன்றில் வாங்கியவர் கையெழுத்தும் இல்லை, கேட் சீலும் இல்லை. சரக்கு வரவே இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது அந்தப் பதினொன்றைப் பற்றித்தான். டிரைவரிடம் சொல்லி வையுங்கள், சீல் வாங்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

வழக்குப் போட இருக்கும் மூன்று வருடக் கெடுவையும் மறக்காதீர்கள். அது முடிவதற்குள் பாக்கி இவ்வளவு என்று பாக்கி வைத்தவரிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும்.

அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் தவிர, நேராக வழக்குப் போட முடியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கையே நிராகரிப்பார்கள் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமரசத்துக்கு மூன்று மாதம், இருதரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். அந்த நாட்கள் மூன்று வருடக் கெடுவில் சேராது. எதிராளி வரவே இல்லை என்றால் அப்படியே அறிக்கை தருவார்கள், அதை வைத்து வழக்குப் போடலாம். வந்து உடன்பட்டால் அந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு, அதாவது நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றலாம்.

வழக்கு தொடங்கி சம்மன் கிடைத்த பிறகு எதிராளி பதில் மனு போட 30 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 120 நாள்தான். அதைத் தாண்டினால் பதில் சொல்லும் உரிமையே போய்விடும். இந்தச் சீர்திருத்தத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் சாதாரண சிவில் வழக்கில் வாய்தா வாங்கியே வருடங்களைத் தின்றுவிடுவார்கள். எதிராளியிடம் சொல்லும்படியான வாதமே இல்லை என்றால் சாட்சி விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்க வழி இருக்கிறது, வக்கீலிடம் அதைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் ஒன்று, மற்ற வழக்குகளையும் சுமக்கும் நீதிபதியிடமே இதையும் கொடுத்தால் வேகம் வராது. வணிக வழக்கு மட்டும் பார்க்கும் நீதிபதிகள் மாவட்டந்தோறும் வேண்டும், தொழில் சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

உங்களுடையது குறு, சிறு நிறுவனமாக இருந்து, சரக்கு அனுப்பும் முன்பே மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருந்தால், இப்படிப்பட்ட நிறுவனங்களின் பாக்கித் தகராறைப் பார்க்கும் வசதியாக்க மன்றத்துக்கும் போகலாம். 45 நாளுக்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க முடியும்.

கடைசியாக, எதிராளி முன்பு கொடுத்த செக்கின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். தீர்ப்புக்குப் பிறகும் அவர் கொடுக்காவிட்டால், ஜப்தி மனுவில் எந்த பேங்க், எந்தக் கணக்கு என்று எழுத அது வேண்டும்.