'கீழ விழுந்துட்டாருன்னு சொல்லிடுங்க': விபத்துக்குப் பிறகு நாம் செய்யும் தவறுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு என் சித்தப்பா மொபெட்டில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு லோடு வேன் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில், கூட வந்த சொந்தக்காரர் ஒருவர் சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆக்சிடென்ட்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், ஸ்டேஷனுக்கு அலையணும். வண்டியில இருந்து வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிடுங்க." சித்தியும் பதற்றத்தில் அப்படியே சொல்லிவிட்டார். வேன்காரர் பத்தாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மூன்று மாதம் சித்தப்பாவால் வேலைக்குப் போக முடியவில்லை. அப்புறம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது ஏ.ஆர் காப்பி. விபத்தில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது, யார் அழைத்து வந்தார் என்று அதில் நாலு வரி இருக்கும். எங்கள் காப்பியில் 'தானாக வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்' என்று இருந்தது. வேனைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சாலைப் பாதுகாப்புக்கு அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இலவச சிகிச்சை, இழப்பீடு, சாலையைச் சரிசெய்வது என்று எதை எடுத்தாலும் அது ஒரு பதிவிலிருந்துதான் தொடங்குகிறது. விபத்து நடந்தது என்று ஏதாவது ஒரு தாளில் ஏற வேண்டும். நாம் செய்யும் முதல் காரியமோ அதை மறைப்பது. எனவே ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இடித்த வண்டியின் எண், இடம், நேரம் மூன்றையும் சொல்லி எழுத வையுங்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் ரசீது வாங்கியதோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. புகார் வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க எஃப்.ஐ.ஆர் (முதல் தகவல் அறிக்கை) நகல் வேண்டும். விபத்து வேறு ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவு. கட்டுப் பிரிக்கட்டும், நடக்க ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைத் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, அடிபட்டவர் நமக்கு யாரென்றே தெரியாது, ரோட்டில் கிடக்கிறார் என்று வையுங்கள். 'தூக்கிட்டுப் போனா நம்மளையே சாட்சி ஆக்கிடுவாங்க' என்ற பயம் இன்னும் போகவில்லை. உதவி செய்பவரைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களை 2016-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்று உறுதி செய்துவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவே வந்துவிட்டது. பெயர், முகவரியைச் சொல்லச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாக வர வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. படுகாயம் அடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்து உயிரைக் காப்பாற்றுபவருக்கு மத்திய அரசு தரும் 5,000 ரூபாய் பரிசும் 2025-இல் 25,000 ஆகிவிட்டது. காசுக்காக யாரும் தூக்க மாட்டார்கள், அது தெரியும். ஆனால் உதவியவரைக் குற்றவாளிபோல் நடத்திய காலம் மலையேறிவிட்டது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

தூக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. கிடைத்த ஆட்டோவில் மடக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி இருந்தால் அதுவே வினையாகிவிடும். 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் இருக்கிறது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

தமிழ்நாட்டில் இருக்கும் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. வருமான வரம்பு கிடையாது. அடிபட்டவர் பீகாரைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளியாக இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்த சுற்றுலாப் பயணியாக இருந்தாலும் உண்டு.

இதை எப்படிக் கோட்டை விடுகிறோம்? காப்பீட்டு அட்டை எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்று வீட்டுக்கு ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருப்போம். முதல் 48 மணி நேரத்துக்கு அந்த அட்டையே தேவையில்லை. பக்கத்திலேயே திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி இருக்கும், அதைத் தாண்டி 'பெரிய ஆஸ்பத்திரி' என்று நாற்பது கிலோமீட்டர் போவோம். பணம் கட்டும் இடத்தில் முன்பணம் கேட்டால் நகையை அடகு வைக்க ஓடுவோம். ஓடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ரோடு ஆக்சிடென்ட், 48 திட்டத்துல சேர்த்திருக்கீங்களா?" சந்தேகம் இருந்தால் சுகாதார உதவி எண்ணான 104-க்கு அழைத்துக் கேளுங்கள். வழுக்கி விழுந்தார் என்று பொய் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

இரண்டாம் நாள் காலையிலேயே அடுத்ததைப் பேசிவிட வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் தொடரலாம். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதா, சொந்தச் செலவில் அங்கேயே இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். கெடு முடிந்த பிறகு பில் வந்ததும் திகைத்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. விபத்து நடந்ததிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லா சிகிச்சை. அதற்கும் இது சாலை விபத்துதான் என்று போலீஸ் உறுதி செய்ய வேண்டும்.

'இடிச்ச வண்டி எதுன்னே தெரியல, ஒண்ணும் கிடைக்காது' என்று கைவிடுவதும் தவறு. 2022 ஏப்ரல் 1 முதல், இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன்பு இது 25,000-ம் 12,500-மாக இருந்தது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம், தாசில்தார் அல்லது ஆர்.டி.ஓ அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இங்கே ஆர்.டி.ஓ என்றால் வருவாய்க் கோட்டாட்சியர். லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் போய் நின்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

இனி சாலைக்கு வருவோம். ஓர் இடத்தில் தொடர்ந்து விபத்து நடந்தால் அதைக் கரும்புள்ளி என்று குறித்துச் சரிசெய்ய வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் அதற்குக் கணக்கு இருக்கிறது: சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில் மரணம் அல்லது படுகாயம் ஏற்பட்ட விபத்துகள் 5, அல்லது மொத்தம் 10 மரணங்கள். அந்தக் கணக்கு போலீஸ் பதிவிலிருந்து வருகிறது. ரோட்டோரத்தில் பேசித் தீர்த்துக்கொண்ட விபத்து எதிலும் ஏறாது.

மனு எழுதும்போது நாம் வழக்கமாகக் கேட்பது வேகத்தடை. தேசிய நெடுஞ்சாலையில் அதைப் போட மாட்டார்கள், மனு அப்படியே திரும்பிவிடும். சர்வீஸ் ரோடு, சுரங்கப்பாதை, உயர்கோபுர விளக்கு, எச்சரிக்கைப் பட்டைகள் என்று கேளுங்கள். யாருக்கு மனு என்பதற்கு கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள எண்ணையும் மனுவில் எழுதுங்கள். ஆபத்து என்று நெடுஞ்சாலைக்காரர்கள் மூடிய நடுத்தடுப்பை ராத்திரியில் பெயர்த்து வழி பண்ணிக்கொள்வதும் நடக்கிறது. யூ-டர்ன் தூரம் என்பது உண்மையான கஷ்டம்தான், எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சந்தில் மொபெட்டை நுழைக்கும்போது எதிரே வருபவர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். என் சித்தப்பா கடந்ததும் அப்படி ஒரு சந்தில்தான்.

அந்தப் பிரிவு ரோட்டுக்காக போன வருடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு எழுதினோம். டீக்கடையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில் மூன்று வருடத்தில் ஒன்பது விபத்து தேறியது. மனுவோடு எஃப்.ஐ.ஆர் நகல்களை இணைக்கச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டோம். இரண்டுதான் கிடைத்தது.