ஃப்ளைட்கியருக்கு நாமளே ஒரு டவர் கன்ட்ரோலர் செய்றது எப்படி

ஃப்ளைட்கியர்ங்கிற இலவச விமான சிமுலேட்டர்ல தனியா பறந்து பறந்து ஒரு கட்டத்துல போரடிச்சிடும், ரேடியோல ஒரு ஈ காக்கா இருக்காது. சிமுலேட்டர்காரங்க ஆன்லைன்ல ஒண்ணா பறக்கிற வாட்சிம்ல சேர்ந்தா நிஜ ஆளுங்களே கன்ட்ரோலரா உட்காருவாங்க, ஆனா நமக்கு லீவு கிடைக்கிற நேரத்துல நாம பறக்கிற ஏர்போர்ட்ல ஆள் இருக்கணுமே. அதான் நானே ஒண்ணு செய்ய உட்கார்ந்தேன்.

எடுத்த எடுப்புலயே மைக்கை மாட்டி குரலை புரிய வைக்கிற வேலைல இறங்கிடாதீங்க, நான் இறங்கி மூணு வாரம் வீணாப்போச்சு. குரல் கடைசி வேலை. மொதல்ல டைப் பண்ணியே பேசுற மாதிரி செஞ்சுக்கோங்க.

ஃப்ளைட்கியர்ல பிளேனோட உயரம், வேகம், ட்யூன் பண்ணின ஃப்ரீக்வென்சி, சக்கரம் தரைல இருக்கா இல்லையான்னு எல்லாமே ப்ராப்பர்ட்டி ட்ரீன்னு ஒரே இடத்துல கிடக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளேயே இருக்கிற வெப் சர்வரை 8080 போர்ட்ல ஆன் பண்ணிட்டா பைத்தான் ப்ரோக்ராம்ல இருந்து ஜேசான் ஃபார்மேட்ல எடுத்துக்கலாம், செகண்டுக்கு ஒருதடவை போதும்.

அடுத்து ஸ்டேட் மெஷின், அதாவது பிளேன் இப்போ எந்த நிலைல இருக்கு, அடுத்து எதுக்குப் போகலாம்ங்கிற பட்டியல். நான் சான் ஃபிரான்சிஸ்கோவை எடுத்துக்கிட்டேன், அங்க தரைல ஓட்டிப் போறதுக்கான கிரவுண்ட் ஃப்ரீக்வென்சி 121.8, ரன்வேக்கான டவர் ஃப்ரீக்வென்சி 120.5. பார்க்கிங், டாக்ஸி (தரைல ஓட்டிப் போறது), ஹோல்ட் ஷார்ட் (ரன்வேக்கு முன்னாடியே நிக்கிறது), லைன் அப் (ரன்வேக்குள்ள வந்து நிக்கிறது), டேக்-ஆஃப்னு நிலைகளை எழுதிக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் பைலட் என்ன கேக்கலாம், நாம என்ன சொல்லணும், அவர் என்ன திருப்பிச் சொல்லணும்னு மூணு காலம் (column) வச்சு ஒரு டேபிள் போடுங்க. தப்பான ஃப்ரீக்வென்சில கூப்பிட்டா பதிலே வரக்கூடாது, எர்ரர் மெசேஜும் வேணாம், அந்த அமைதிதான் நிஜம் மாதிரி இருக்கும்.

ரன்வே தேர்ந்தெடுக்கிறதுல ஒரு குழி இருக்கு. காத்தோட வேகத்தை, காத்து திசைக்கும் ரன்வே திசைக்கும் உள்ள கோண வித்தியாசத்தோட கொசைனால (cos) பெருக்கினா எதிர்க்காத்து வந்துடும், அது எதுல அதிகமோ அந்த ரன்வே, அவ்ளோதான்னு நினைச்சேன். ஆனா வெதர் ரிப்போர்ட்ல காத்து திசை உண்மை வடக்கை வச்சு வரும், ரன்வே நம்பரோ (திசையோட டிகிரியை பத்தால வகுத்தது, 28-ன்னா சுமார் 280) காந்த வடக்கை வச்சு, அந்த ஊர்ல ரெண்டுக்கும் சுமார் 13 டிகிரி வித்தியாசம். காத்து 335-ல இருந்து அடிச்சப்போ 28-க்கு அனுப்பவேண்டிய பிளேனை என் கன்ட்ரோலர் 01-க்கு அனுப்பிட்டாரு. (நிஜத்துல அங்க பெரும்பாலும் 28-ல இறக்கி 01-ல ஏத்துவாங்க, அது தனிக்கதை.) ரெண்டையும் ஒரே வடக்குக்கு மாத்திட்டு கணக்கு போடுங்க.

மெயின் வேலை ரீட்பேக்தான். நாம சொன்னதை பைலட் திருப்பிச் சொல்றாரா, ரன்வே நம்பர், ஒரே நம்பர்ல ரெண்டு ரன்வே இருந்தா லெஃப்ட்டா ரைட்டா, ஹோல்ட் ஷார்ட், ஸ்க்வாக் கோடு (ரேடார்ல பிளேனை அடையாளம் காட்டுற நாலு இலக்க நம்பர்) எல்லாம் சரியான்னு பாக்காத கன்ட்ரோலர் வெறும் டேப் ரிக்கார்டர். 1977 மார்ச் 27-ந்தேதி ஸ்பெயினோட டெனெரிஃபே தீவுல ரெண்டு போயிங் 747 மோதி 583 பேர் செத்தாங்க, டவரும் இன்னொரு பிளேனும் ஒரே நேரத்துல பேசினதுல முக்கியமான வார்த்தைகள் கீச்சுன்னு ஒரு சத்தத்துல அடிபட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் டேக்-ஆஃப்ங்கிற வார்த்தையை அனுமதி குடுக்கும்போதும் அதை ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் சொல்லணும், மத்த நேரம் டிபார்ச்சர்னு சொல்லணும்னு ஆச்சு. உங்க வாக்கியங்கள்லயும் அதே மாதிரி வச்சுக்கோங்க, ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பட்டனை அழுத்தினா ரெண்டு பேச்சும் கெட்டுப்போற மாதிரியும் செய்ங்க.

இப்போ குரல். குரலை எழுத்தா மாத்துற வோஸ்க்ங்கிற சாஃப்ட்வேர் நெட் இல்லாமலே ஓடும், இந்திய இங்கிலீஷுக்கு சின்ன மாடலும் இருக்கு. அதுகிட்ட எல்லா வார்த்தையையும் கேக்கவிடாம, அந்தந்த நிலைக்கு வேணும்கிற வார்த்தைகளை மட்டும் லிஸ்ட்டா குடுத்துட்டா தப்பு நல்லா குறையும். மாடல்ல இல்லாத வார்த்தையை அது கண்டுக்காது, அதனால நைனர் (ரேடியோல 9-ஐ சொல்ற விதம்) கூடவே நைனையும் போட்டு வைங்க. த்ரீயை ட்ரீன்னு சொல்ற நம்ம ஊர் நாக்குக்கு இங்க மரியாதை உண்டு, சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ சொல்ற உச்சரிப்பே அதான்.

பதிலை ஃப்ளைட்கியரோட ஏடிசி மெசேஜ் ப்ராப்பர்ட்டில எழுதிட்டா ஸ்க்ரீன்ல வந்துடும். குரலா வேணும்னா எழுத்தை குரலா மாத்துற எந்த டிடிஎஸ்ஸும் ஓகே, 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் மட்டும் விட்டு வடிகட்டி லேசா இரைச்சல் சேத்தா அசல் ரேடியோ.

செஞ்சு முடிச்சதும் வேணும்னே டூ எய்ட் ரைட்டுக்கு பதிலா டூ எய்ட் லெஃப்ட்னு திருப்பிச் சொல்லிப் பாருங்க. உங்க கன்ட்ரோலர் நெகட்டிவ்னு ஆரம்பிச்சு திருத்தினாருன்னா வேலை முடிஞ்சுது, பேசாம இருந்தாருன்னா திரும்ப அந்த மூணு காலம் போட்ட டேபிளுக்கே போங்க.